பழைய காரும் வீட்டுப் பட்டறையும்

செப்பனிடுதல் வேறு, மாற்றியமைத்தல் வேறு. தேய்ந்துபோன பொருளைச் செய்தவர் கருதிய நிலைக்கே மீண்டும் கொணர்தல் செப்பனிடுதலாகும். செய்தவர் கருதாத ஒன்றை அதில் புகுத்துதல் மாற்றியமைத்தலாகும். சட்ட வாசகங்களை மொழிபெயர்க்கும் பணியில் இவ்விரு சொற்களையும் நாம் பலமுறை கையாண்டதுண்டு. ஆயினும் இவற்றின் வேற்றுமையை ஒரு பழைய கார்தான் நமக்கு உள்ளபடி உணர்த்திற்று.

நாகபுரியில் நாம் வாங்கிய வண்டி 1984ஆம் ஆண்டின் அம்பாஸிடர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டு, 1950களின் பிற்பகுதி முதல் 2014ஆம் ஆண்டு வரை கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் உருவானது இவ்வகைக் கார். அதன் 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின் எளிய அமைப்புடையது. பானெட்டைத் தூக்கினால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஆதலால் வீட்டு வாயிலிலேயே வேலை செய்யும் ஆசை எவருக்கும் எளிதில் பிறக்கும். நமக்கும் பிறந்தது.

முதலாண்டில் நாம் செய்தவை என்ன? புதிய இருக்கை உறை, இரட்டை ஹார்ன், கண்ணைப் பறிக்கும் விளக்கு ஆகியவற்றைப் பொருத்தினோம். பிரேக் எண்ணெயின் அளவு இரண்டு முறை குறைந்திருக்கக் கண்டோம். இரண்டு முறையும் மேலே ஊற்றி நிரப்பிவிட்டு வாளாவிருந்தோம். ஒரு ஞாயிறன்று குடும்பத்தாருடன் ராம்டேக் மலைக்கோயிலைத் தரிசித்துத் திரும்புகையில், இறக்கத்தில் பிரேக் பெடல் தடையின்றி அடிவரை இறங்கிவிட்டது. பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தனர். கியரைக் குறைத்துக் கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி வண்டியை நிறுத்தினோம். பிறகு பார்த்தால், பின்சக்கரம் ஒன்றின் உட்புறம் முழுதும் எண்ணெய்க் கசிவு. அங்குள்ள சிலிண்டரின் ரப்பர் கிழிந்திருந்தது.

இதன் காரணத்தை விளக்குவது அவசியம். பழைய அம்பாஸிடரில் பெடலின் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்வழியாகச் செல்கிறது. எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினும் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிடிப்பை இழக்கும். ஆகவே எண்ணெய் குறைவது நிரப்ப வேண்டிய குறையன்று. தேட வேண்டிய நோயின் அறிகுறியாகும். வண்டியை நிறுத்திய நிலையில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்ல இறங்குமாயின் கோளாறு உண்டென்று அறிக. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றுதல் நலம். அவசரத்திற்குக்கூட என்ஜின் எண்ணெயை அதில் ஊற்றலாகாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடுமாதலின், அத்தூசியை வாயால் ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சோதித்தல் நம் வேலை. சிலிண்டரை மாற்றுதல் கைதேர்ந்த மிஸ்திரியின் வேலை.

வீட்டில் அச்சமின்றிச் செய்யத்தக்கவை பல. ஃபில்லர் கேஜ் ஒன்றும் சில ஸ்பேனர்களும் இருப்பின், பாயிண்ட் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்காகவும், பிளக் இடைவெளியை 25 பங்காகவும், என்ஜின் குளிர்ந்திருக்கையில் டேப்பட் இடைவெளியை 15 பங்காகவும் சரிசெய்யலாம். எண்ணெய் மாற்றுதல், கிரீஸ் இடுதல், ஃபேன் பெல்ட்டின் இறுக்கம் பார்த்தல் ஆகியவையும் அத்தகையனவே. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் படுக்கலாகாது. உறுதியான ஸ்டாண்டுகளைத் தாங்கலாக வைத்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும்.

நாகபுரி போன்ற ஊர்களின் கோடைக்கு வேறொரு தொல்லையும் உண்டு. பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டியிருப்பதால், கடும் வெயிலில் உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைப்படும். நடுவழியில் நின்ற வண்டியின் பம்பின்மேல் ஈரத்துணி போர்த்திக் காத்திருக்கும் காட்சி பலரும் கண்டதே. ரேடியேட்டரைத் தூய்மையாக வைத்தலும், பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயினின்று விலக்கிக் கட்டுதலும் இதற்கு நிலையான பரிகாரமாகும். மேலும், இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக அவற்றை மாற்றிவிடுதல் தீவிபத்தினின்று காக்கும்.

இனி மாற்றியமைத்தலுக்கு வருவோம். பாதுகாப்பைப் பெருக்கும் மாற்றமே மாற்றம் எனலாம். பெரிய விளக்கைப் பழைய சுவிட்சிலேயே இணைத்தால் கம்பி சூடேறிக் கருகும். ரிலேயும் ஃபியூஸும் வைத்தே இணைக்க வேண்டும். சீட் பெல்ட்டை மெல்லிய தகட்டில் திருகிவிடாமல், உறுதியூட்டப்பெற்ற இடத்தில் பொருத்துதல் வேண்டும். ரேடியல் டயரையும் பழைய வகை டயரையும் ஒரே அச்சில் கலத்தல் கூடாது.

சட்டத்தின் எல்லையும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளரின் அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. பதினைந்தாண்டு கடந்த காருக்குத் தகுதிச் சோதனையின் பின்னரே பதிவு புதுப்பிக்கப்படும். ஊரிலிருந்து கொணர்ந்த வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருக்குமாயின், ஊர் அலுவலகத்தின் ஆட்சேபமின்மைச் சான்றுடன் புதிய எண்ணுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். பழைய வண்டிகளுக்குச் சில நகரங்களில் தனிக் கட்டுப்பாடுகளும் உள்ளமையால், வாங்குமுன் அவ்வூர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தல் நன்று.

ராம்டேக்கிலிருந்து அன்று வண்டியைக் கட்டியிழுத்து வந்தோம். அடுத்த மாதம் நான்கு சக்கரச் சிலிண்டர்களும் புதியனவாயின. இரட்டை ஹார்னைக் கழற்றி விற்றோம். அந்தப் பணம் பிரேக் ஷூ வாங்கப் பயன்பட்டது. இன்று எந்தப் பயணத்திற்கும் முன்பு வண்டியைத் துடைக்கத் துணியை எடுக்குமுன், பெடலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களும் இவ்வழக்கத்தை மேற்கொள்வார்களாக.