ரசீது வேறு, வழக்கு வேறு!

உறவினரிடம் நம்பிக் கொடுத்துவைத்த நகை திரும்பி வரவில்லை. பெண்ணாடம் காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மனு, பதிவேட்டில் ஏறுகிறது, சி.எஸ்.ஆர். எனப்படும் எண்ணிட்ட ரசீது கைக்கு வருகிறது. வழக்குப் பதிவாகிவிட்டது என்றெண்ணிப் பலர் நிம்மதியுடன் வீடு திரும்பிவிடுகின்றனர். அதுவோ மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே. முதல் தகவல் அறிக்கை அன்று.

விசாரணைக்குப்பின் அம்மனு வழக்காகலாம். 'இரு தரப்பும் சமாதானம்' என்றோ, 'உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்' என்றோ முடித்தும் வைக்கப்படலாம். எழுதப்படும் அந்த ஒரு வரியே உங்கள் நகையின் கதியைத் தீர்மானிக்கிறது.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் வெளிப்படின் வழக்குப் பதிவது கட்டாயம் என 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். சிலவகைக் குற்றங்களில் முதற்கட்ட விசாரணைக்கு 14 நாள் அவகாசமுண்டு. பதிய மறுத்தால் கடலூரிலுள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதுங்கள். அங்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரை நாடுங்கள்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சமாதானம் என்று எழுதிய தாளை முழுமையாகப் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். வாய்மொழி மறந்துபோகும், ஏட்டில் ஏறியதே நிற்கும்!