"ஓட்டலைக் காப்பாற்றி விட்டோம்!"

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி இருக்கிறது. பெயர் ஸ்விப்ட்கரண்ட். கோடையில் கூட அதன் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துப் போகும்!

அந்த ஏரிக்கரையில் ஒரு பெரிய மர மாளிகை நிற்கிறது. அதுதான் "மெனி கிளேசியர்" ஓட்டல். "பல பனியாறுகள்" என்று அர்த்தம். 200-க்கும் மேற்பட்ட அறைகள். முன் கூடத்திலே தூண்களாக நிற்பவை முழு முழு மரங்கள்!

கரடி உலாவும் காட்டில் இவ்வளவு பெரிய ஓட்டலைக் கட்டியது யார்?

ஒரு ரெயில் கம்பெனி!

டிக்கெட் விற்க ஒரு வழி

அந்த நாளில் அமெரிக்கப் பணக்காரர்கள் மலை பார்க்க சுவிட்சர்லாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். "கிரேட் நார்தர்ன்" ரெயில் கம்பெனியின் தலைவர் லூயி ஹில் இதைக் கவனித்தார். "முதலில் அமெரிக்காவைப் பாருங்கள்" என்று விளம்பரம் செய்தார்.

1910-ல் இந்த மலைப் பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. அதன் கிழக்குப் பாதி, பிளாக்பீட் என்னும் பழங்குடி மக்களின் நிலமாக இருந்தது. அரசாங்கம் 1895-ல் ஒப்பந்தம் போட்டு அதை வாங்கியிருந்தது. பின்னர் ரெயில் கம்பெனி தன் விளம்பரப் படங்களில் அதே மக்களைப் போட்டு, பயணிகளை அழைத்தது. நிலம் போனவர்கள் படமாக நின்றார்கள்!

1915 ஜூலை 4-ந்தேதி ஓட்டல் திறக்கப்பட்டது. கட்டிடம் சுவிஸ் நாட்டு வீடு போலவே இருந்தது. ரெயிலை விட்டு இறங்கினால் இன்னும் சுமார் 50 மைல். கரடுமுரடான பாதையில் மோட்டார் வண்டியில் குலுங்கிக்கொண்டு வரவேண்டும். மலைக்குள் குதிரைச் சவாரியும் உண்டு. அப்போது இங்கே வந்தவர்கள் எல்லாம் கையில் காசு உள்ளவர்களே.

பிறந்தநாள் வெடி

ஓட்டலுக்குப் பலகை அறுக்க, பக்கத்திலேயே ஒரு மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தார்கள். வேலை முடிந்து பத்து ஆண்டு ஆகியும் அதை எடுக்கவில்லை. தேசியப் பூங்காக்களின் தலைவர் ஸ்டீபன் மேதருக்குப் பொறுமை போய்விட்டது. 1925 ஆகஸ்டு 10-ந்தேதி, விருந்தினர்களை அழைத்து நிற்க வைத்து, தாமே வெடி வைத்து ஆலையைத் தகர்த்தார்!

ஏன் என்று கேட்டதற்கு, "இன்று என் மகளின் பிறந்தநாள்" என்றாராம்.

"எதற்காக?"

1933-ல் மலையைக் கடந்து "சூரியனுக்குப் போகும் சாலை" திறந்தது. ஜனங்கள் சொந்தக் காரில் வரத் தொடங்கினார்கள். ரெயிலில் வருவோர் குறைந்தனர். டிக்கெட் விற்கக் கட்டிய ஓட்டல், கம்பெனிக்குப் பாரமாயிற்று.

1936 ஆகஸ்டு 31. காட்டுத்தீ காற்றில் மலைக் கணவாயைத் தாண்டிப் பாய்ந்து வந்தது. அருகிலிருந்த குடில்கள் பல எரிந்தன. ஓட்டல் ஊழியர்கள் ஓடவில்லை. கூரை மேல் விடாமல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். மாளிகை பிழைத்தது.

"ஓட்டலைக் காப்பாற்றி விட்டோம்!" என்று தலைமை அலுவலகத்துக்குத் தந்தி பறந்தது.

"எதற்காக?" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்ததாம்! இந்தக் கதை அங்கே இன்றும் சொல்லப்படுகிறது.

1960-ல் கம்பெனி ஓட்டலை விற்றுவிட்டது. மரம் தளர்ந்தது, சுவர் சாய்ந்தது. 1996-ல், அழியும் ஆபத்தில் உள்ள சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் இதுவும் சேர்ந்தது. பிறகு அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவிட்டுச் சுவர்களை நிமிர்த்தியது. 1950-களில் பிடுங்கி எறியப்பட்ட வட்டப் படிக்கட்டு, 2017-ல் மறுபடி கூடத்தில் வந்து நின்றது. பழைய காலத்துப் பயணி யாராவது வந்து பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்.

இப்போது போவது எப்படி?

ரெயில் இன்றும் உண்டு. கோடையில் "ஈஸ்ட் கிளேசியர்" நிலையத்தில் இறங்கலாம். காரில் வருவோர் பாப் என்ற சிற்றூரிலிருந்து சுமார் 12 மைல் போகவேண்டும். நடக்க இயலாதவர்களுக்கு ஏற்ற அறைகள் சில உள்ளன. அறையில் டெலிவிஷன் கிடையாது!

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் ஓட்டல் நடக்கும். மற்ற மாதங்களில் பனி. ஆகவே, ஓராண்டுக்கு முன்பே அறை கேட்பவர்கள் ஏராளம்.

அறை கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. பூங்காவுக்குள் வந்தவர் யாரும் பகலில் அந்த மரத்தூண் கூடத்தில் உட்காரலாம். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு ஏரியையும் மலையையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.