கோணமாய் ஓடிவரும் கால்

ஒருகொடவத்தைப் பக்கம் கொள்கலன் லொறிகள் ஓய்ந்த நேரத்தில் பந்து விளையாடும் பையன்களைக் கவனியுங்கள். ஓங்கி உதைக்க வேண்டுமென்றால் ஒருவனும் பந்துக்கு நேர் பின்னாலிருந்து ஓடிவர மாட்டான். சற்று விலகி நின்று, வளைந்து வந்து, பாதத்தின் மேற்புறத்தால் அடிப்பான். உதைபந்தாட்டம் ஊறிய கொழும்பு வடக்கில் இதற்குத் தனிப் பாடம் தேவையில்லை.

1960களில் அமெரிக்கக் கல்லூரி மைதானங்களைத் திகைக்க வைத்ததும் இதே உதைதான்.

அமெரிக்கன் ஃபுட்போலில், நிறுத்திவைத்த பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பதற்கென்றே அணியில் ஒருவர் உண்டு. அக்காலத்தில் அவர் நேராக ஓடிவந்து சப்பாத்து நுனியால் குத்துவார். 1956 எழுச்சிக்குப் பின் ஹங்கேரியை விட்டுத் தப்பிவந்த குடும்பத்துப் பிள்ளை பீட் கோகோலாக், கோர்னெல் பல்கலைக்கழக அணிக்காகக் கோணமாய் ஓடிவந்து உதைத்தார். 1964இல் பஃபலோ பில்ஸ் அணி அவரைத் தொழில்முறை ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. 1976இல் சுவீடன்காரர் ஓவே யோஹான்சன், டெக்சாஸின் அபிலீன் கிறிஸ்டியன் அணிக்காக 69 யார், அதாவது 63 மீற்றர், உதைத்தார். கல்லூரி ஆட்டத்தில் அதை இன்னும் எவரும் தாண்டவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் நுனிக்கால் பாணியின் கடைசி முழுநேர உதைப்பாளர் மார்க் மோஸ்லி 1986இல் ஓய்வுபெற்றார்.

கோண உதை வென்றதற்குக் காரணம் எளிது. சப்பாத்து நுனி பந்தைத் தொடும் பரப்பு சிறியது. கொஞ்சம் பிசகினாலும் பந்து திசைமாறிப் போகும். பாதத்தின் மேற்புறமோ அகலமும் உறுதியுமானது. கோணமாய் வரும்போது இடுப்பும் சுழல்கிறது. அந்த வேகம் தொடை, முழங்கால் வழியாக இறங்க, சாட்டையின் நுனிபோலப் பாதம் கடைசியில் உச்ச வேகம் பெறும். பாதமும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு செக்கனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரம்தான்.

நமக்குப் பழக்கமான ரக்பியிலும் கதை இதுவே. கம்பங்களின் இடைவெளி அங்கே 18.5 அடி, இங்கே 5.6 மீற்றர்; கிட்டத்தட்ட ஒன்றுதான். றோயலும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயத்தில் இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளும் கூட்டப்படுகின்றன. முதல் ஆட்டத்தில் ட்ரைக்குப் பிந்திய உதையில் தவறவிட்ட 2 புள்ளிகள் இரண்டாம் ஆட்டத்தின் இறுதிவரை துரத்தும்.

மூலையில் ட்ரை விழுந்தால், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்து அங்கே நிலத்தில் வைக்கப்பட்டால், உதைப்பவர் பாடு திண்டாட்டம். ட்ரை வைத்த இடத்துக்கு நேரே எவ்வளவு தூரமும் அவர் பின்னால் போகலாம். அந்த இடம் கம்பங்களின் நடுவிலிருந்து 22 மீற்றர் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மீற்றர் பின்னால் நின்றால் கம்பங்களுக்கு இடையே தெரியும் கோணம் வெறும் 3 பாகை. 22 மீற்றர் கோட்டுக்கு வந்தால் அது 7 பாகையைத் தாண்டும். இன்னும் பின்னால் போனால் மறுபடி சுருங்கும், காலுக்கும் வேலை கூடும். பக்கவாட்டில் எவ்வளவோ, பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவு என்பதே கணக்கு.

பாடசாலை ரக்பி பயிற்றுவிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதைப்பவரை உங்கள் அணிக்குள் மட்டும் தேடாதீர்கள். கொட்டாஞ்சேனை, ஒருகொடவத்தைப் பக்கத்து உதைபந்தாட்டப் பிள்ளைகளில் நாலு பேரைக் கூப்பிட்டு, முட்டைப் பந்தைக் கொடுத்து, அந்த 22 மீற்றர் கோட்டில் நிறுத்திப் பாருங்கள்.