ஒலியை வடிக்கும் கலை

திருப்பூரில் துணி பின்னும் 'நிட்டிங்' கூடங்களை ஒட்டிய வீதிகளில் நடப்போர்க்கு, சுவருக்கு அப்பாலுள்ள எந்திரங்களின் ஓசை தாழ்ந்த முழக்கமாகவே கேட்கும். கதவு திறந்தால், கூர்மையான ஊசியோசையும் அதனுடன் சேர்ந்து கேட்கும். எந்திரத்தின் ஓசை மாறவில்லை. உயர் அதிர்வெண்களைச் சுவர் தணித்தது. திறந்த கதவு விடுத்தது. சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் வடிப்பானும் இவ்வாறே ஒலியைத் தெரிந்தெடுக்கிறது.

இக்கருவி 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இரம்பப்பல் வடிவ அலையை எழுப்பினால், அதனுள் 200, 300, 400 ஹெர்ட்ஸ் என மேற்சுரங்களும் அடங்கியிருக்கும். தாழ்நிலை வடிப்பான், ஓர் எல்லைக்கு மேற்பட்டவற்றைத் தணிக்கும். அவ்வெல்லையை ஒட்டியவற்றை ஒத்ததிர்வு மிகுவிக்கும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளும்போது வீச்சு பெருகுவதை இதற்கு ஒப்பிடலாம்.

இத்தகைய வடிப்பான் நம் வாயிலும் உண்டு. ஒரே சுருதியில் 'ஆ' என்றும் 'ஈ' என்றும் பாடிப் பார்க்கலாம். குரல்நாண் எழுப்பும் சுரம் மாறுவதில்லை. நாவும் தாடையும் அசைய, வாயறையின் ஒத்ததிர்வே மாறுகிறது. ஆண்குரலில் 'ஆ' ஏறத்தாழ 700, 1100 ஹெர்ட்ஸ் அளவிலும், 'ஈ' ஏறத்தாழ 300, 2300 ஹெர்ட்ஸ் அளவிலும் மிகுந்தொலிக்கும். வாய் திறத்தலாலும் இதழ் குவிதலாலும் உயிரெழுத்துகள் வேறுபடுவதைத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. மோர்சிங் கலைஞரும் வாயறையை மாற்றியே ஒற்றை நாக்கிலிருந்து பலவகை ஒலிகளைப் பெறுகிறார்.

ஒரு வடிப்பு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக உருமாறுவது உருமாறு வடிப்பான். 'ஆ'விலிருந்து 'ஈ'க்கு வாய் நகர்வது போன்றது அதன் செயல். 1993இல் அமெரிக்காவின் ஈ-மூ நிறுவனம் வெளியிட்ட மார்ஃபியஸ் கருவி இதற்குப் பெயர்பெற்றது. கமகம் சுரத்தை அசைக்கிறது. இவ்வடிப்பான் ஒலிப்பண்பை அசைக்கிறது.

எந்திர ஒலி உயிரற்றது என்பார் உளர். மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட இசைத்தட்டு அதற்கு விடை கூறுகிறது. பைரவ், யமன் உள்ளிட்ட 10 இந்துஸ்தானி இராகங்களை அவர் ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளில் இசைத்தார். அவற்றுள் ஒன்றான டிபி-303இல், ஒத்ததிர்வு வடிப்பானின் குமிழைத் திருகத் திருக ஒலி குழைந்து நெளியும். அக்கருவியின் அதே இயல்பைக் கொண்டே 1987இல் சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசை பரவியது. சிங்கின் இசைத்தட்டோ அன்று கவனம் பெறவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பின்னரே உலகம் அவரை அறிந்தது. 2015இல் அவர் மறைந்தார்.

வடிப்பான் புதிய ஒலியைப் படைப்பதில்லை. உள்ள ஒலியில் எதை விடுப்பது, எதை மிகுவிப்பது, எப்போது மாற்றுவது என்பதைத் தேர்வது இசைப்பவரின் செவியே. எந்திர ஒலி உயிர்பெறுவது அத்தேர்வினால்தான்.