பழைய கம்ப்யூட்டரில் வீட்டுப் பெட்டகம்! ஆற்றுக்கு அந்தக் கரையிலும் ஒரு நகல் வேண்டும்!

பேட்டை:

கல்யாண வீடியோ, குழந்தை போட்டோ, கடைக்கணக்கு, பத்திர நகல்... இவை எல்லாம் இன்று எங்கே இருக்கின்றன? ஒரு செல்போனில். அல்லது மேஜைக்கு அடியில் தூசி பிடித்த ஒரு கம்ப்யூட்டரில்.

அந்த செல்போன் டவுண் பஸ்சில் பறிபோனால்? அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் "கிர்ர்" என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால்?

ரேஷன் கார்டு தொலைந்தால் மனு எழுதிப் போட்டு வேறு கார்டு வாங்கலாம். செத்துப்போன தாத்தா பேரனைக் கொஞ்சிய வீடியோவை எந்த ஆபீசில் மனுப் போட்டு வாங்குவது?

கடைக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம்! அதிகாரி வந்து கேட்கும்போது, "கம்ப்யூட்டர் படுத்துவிட்டது சார்" என்று சொன்னால் எடுபடுமா?

இதற்கு வழி இருக்கிறது. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரையே ஒரு பெட்டகமாக மாற்றலாம். இதை "நாஸ்" என்கிறார்கள். வீட்டில் உள்ள செல்போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவான இரும்புப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதில் போடலாம். எல்லோரும் அதில் இருந்து எடுக்கலாம்.

என்னென்ன சாமான் தேவை?

ஒரு பழைய கம்ப்யூட்டர். பத்து வருஷம் பழசானாலும் பரவாயில்லை. 4 அல்லது 8 ஜி.பி. ராம் இருந்தால் போதும்.

இயக்கும் மென்பொருளுக்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டோ, கணக்கு முதலியவற்றைச் சேமிக்க ஒரே அளவுள்ள இரண்டு ஹார்டு டிஸ்க். ஒரு நெட்வொர்க் கேபிள். கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ்.

இதில் பெரிய செலவு ஹார்டு டிஸ்க்தான். அதில்தான் ஏமாற்றும் நடக்கிறது.

2025-ம் ஆண்டு தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மோசடி அம்பலமானது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய பழைய டிஸ்க்குகளைப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். பழைய காரின் கிலோமீட்டர் கணக்கைத் திருப்பி வைப்பது போல, டிஸ்க்கில் பதிவான மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி இருந்தார்கள்!

ஆகவே பில் இல்லாமல் வாங்காதீர்கள். டிஸ்க்கில் உள்ள நம்பரைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டு, வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரரிடம் "சி.எம்.ஆர். டிஸ்க்கா, எஸ்.எம்.ஆர். டிஸ்க்கா?" என்று கேளுங்கள். ஓயாமல் எழுதும் வேலைக்கு எஸ்.எம்.ஆர். டிஸ்க் ரொம்ப மெதுவு. பெட்டகத்துக்கு சி.எம்.ஆர்.தான் நல்லது.

ஒரு விஷயம். 4 டி.பி. டிஸ்க் வாங்கி மாட்டினால், கம்ப்யூட்டர் 3.6 டி.பி. என்றுதான் காட்டும். உடனே கடைக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள்! டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. கம்ப்யூட்டர் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கரண்ட் பில் எவ்வளவு?

"ராத்திரி பகல் ஓடினால் கரண்ட் பில் எகிறிவிடாதா, அண்ணாச்சி?" என்ற கேள்வி வரும்.

சராசரி பழைய கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். அது அதிகம் என்று தோன்றினால், ராத்திரி தானாக அணைந்து காலையில் தானாக எழுந்திருக்கும்படி வைக்கலாம்.

பூட்டுவது எப்படி?

முதலில் கரண்டு வயரைப் பிடுங்குங்கள். பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ராம், போர்டு தப்பிக்கும்.

பவர் சப்ளை டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அது பழசாகி இருந்தால் புதுசு மாற்றிவிடுவது நல்லது.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு வயர். ஒன்று கரண்டுக்கு, மற்றது தகவலுக்கு. மாட்டுவதற்கு முன்பு டிஸ்க்கின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, வெளியே தெரியும் பக்கத்தில் ஒட்டுங்கள். நாளைக்கு ஒன்று கெட்டுப்போனால், எது கெட்டது, எது நல்லது என்று அந்தச் சீட்டுதான் சொல்லும். நல்லதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு!

காசு இல்லாத மென்பொருள்

இதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 2011-ல் ஜெர்மனிக்காரர் வோல்கர் தைலே வெளியிட்ட "ஓபன்மீடியாவால்ட்" ஒன்று. பழைய கம்ப்யூட்டருக்கு அது ஏற்றது. "ட்ரூநாஸ்" இன்னொன்று. அதற்கு 8 ஜி.பி. ராமாவது வேண்டும்.

வேறு ஒரு கம்ப்யூட்டரில் மென்பொருளை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, அதில் இருந்து பெட்டகத்தில் பதிக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு பெரிய டிஸ்க்குகளின் வயரையும் கழற்றி வையுங்கள். தவறிப்போய் அவற்றின் மேல் எழுதித் தொலைத்துவிடும் ஆபத்து இல்லை.

பதித்து முடிந்த பிறகு மானிட்டரும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். பெட்டியைக் கேபிள் மூலம் ரவுட்டரில் சேர்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடலாம். செல்போன் பிரவுசரில் அதன் எண் முகவரியைப் போட்டால், பெட்டகத்தின் உள்பக்கம் திறக்கும். அந்த எண் அடிக்கடி மாறாமல் ரவுட்டரில் நிலையாக்கி வையுங்கள்.

திறந்ததும் முதல் வேலை, கடவுச்சொல்லை மாற்றுவது! மென்பொருளோடு வரும் கடவுச்சொல் ஊர் உலகத்துக்கே தெரியும்.

வேகம் ஏன் குறைகிறது?

"ஒரு சினிமா அளவு வீடியோ ஏறுவதற்குள் காபி ஆறிவிடுகிறதே" என்று புலம்புவார்கள். குற்றவாளி பெரும்பாலும் ரவுட்டர்தான்.

விலை குறைந்த ரவுட்டர்களில் பல, விநாடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். அதில் 1 டி.பி. ஏற்ற ஒரு முழு நாள் ஆகும். ஜிகாபிட் ரவுட்டரும் "கேட் 5 ஈ" கேபிளும் இருந்தால், அதே வேலை இரண்டரை மணி நேரத்தில் முடியும்.

இரட்டைப் பிறவி

அடுத்து, இரண்டு டிஸ்க்குகளையும் ஜோடி சேர்ப்பது. இதற்கு "ரெய்டு 1" என்று பெயர். போலீஸ் ரெய்டு அல்ல! ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும் ஏற்பாடு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் 1980-களின் கடைசியில் இந்த முறைக்குப் பெயர் வைத்தார்கள்.

ஜோடி சேர்க்கும்போது டிஸ்க்கில் ஏற்கனவே இருப்பது அழியும். அதனால் காலி டிஸ்க்குகளைத்தான் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போக ஒரு ராத்திரி பிடிக்கும். இரண்டு 4 டி.பி. டிஸ்க்குக்கும் சேர்த்து 4 டி.பி. இடம்தான் கிடைக்கும். மற்றது நிழல்.

பிறகு ஆளுக்கு ஒரு அறை. அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. கடைப்பையன் கணக்கைப் பார்க்கலாம், ஆனால் அழிக்க முடியாது என்றும் கட்டுப்பாடு வைக்கலாம்.

பேட்டையில் ஐ.டி.ஐ. இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, தொழிற்பேட்டை இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளில் இவ்வளவையும் முடித்துவிடலாம்.

முடிந்தது! பெட்டகம் ரெடி! இனி பயமில்லை! என்று நினைக்கிறீர்களா?

அங்கேதான் ஆபத்து.

இரண்டும் சேர்ந்தே போகும்

ரெய்டு போட்டவர்களில் பலர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு நகல் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். ரெய்டு காப்பாற்றுவது ஒன்றே ஒன்றில் இருந்துதான். ஒரு டிஸ்க் கெட்டால், மற்றது ஓடும். அவ்வளவுதான்.

வீட்டுப் பிள்ளை தெரியாமல் ஒரு போட்டோவை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் அந்த நிமிஷமே அழியும். திருடன் பெட்டியைத் தூக்கினால், இரண்டும் அவன் தோளில். இடி இறங்கினால் இரண்டும் கருகும்.

வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பர் 17, 18. நெல்லைக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. சந்திப்பு பகுதியில் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரெயில் சிக்கி நின்றது. 1992 நவம்பரிலும் இதே ஆறு இப்படித்தான் சீறியது.

தரையில் வைத்த பெட்டிக்குள் தண்ணீர் ஏறினால், உள்ளே ஒரு டிஸ்க் இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன?

எட்டுக்கால் இல்லாத திருடன்

கன்னம் வைக்கும் திருடன் பேட்டைக்கு வந்தால்தான் திருட முடியும். இண்டர்நெட் திருடனுக்கு பஸ் டிக்கெட் தேவையில்லை.

2022 ஜனவரியில் "டெட்போல்ட்" என்ற கும்பல், உலகம் பூராவும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கியூநாப் கம்பெனிப் பெட்டகங்களுக்குள் புகுந்தது. எல்லாவற்றையும் பூட்டுப் போட்டுவிட்டு, சாவி வேண்டுமானால் 0.03 பிட்காயின் கொடு என்று மிரட்டியது. அதற்கு முந்திய ஆண்டு ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் பழைய "மை புக் லைவ்" பெட்டிகளுக்குள் எங்கிருந்தோ புகுந்து, உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டார்கள்.

இரண்டிலும் மாட்டியவை இண்டர்நெட்டுக்கு நேராக வாசல் திறந்து வைத்த பெட்டிகள். ஆகவே, "வெளியூரில் இருந்தும் பார்க்கலாமே" என்ற ஆசையில் ரவுட்டரில் கதவைத் திறந்துவிடாதீர்கள். பெட்டகம் வீட்டோடு இருக்கட்டும்.

சினிமாவைக் காப்பாற்றிய வீட்டு நகல்

1998-ல் அமெரிக்காவின் பிக்சார் கம்பெனி "டாய் ஸ்டோரி 2" படம் எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு தப்பான கட்டளையைத் தட்டிவிட்டார்கள். படத்தின் பெரும்பகுதி கண் முன்னால் அழிந்தது! சரி, சேமிப்பு நகல் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அது சரியாகவே வேலை செய்யவில்லை. அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியது எது தெரியுமா? கேலின் சுஸ்மன் என்ற பெண் அதிகாரியின் வீட்டில் இருந்த கம்ப்யூட்டர்! குழந்தை பெற்றிருந்த அவர், வீட்டில் இருந்து வேலை பார்ப்பதற்காக ஒரு நகல் வைத்திருந்தார். கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றி, காரில் வைத்து, பத்திரமாகக் கொண்டு வந்தார்கள்.

நம் ஊர்ப் பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோவிலுக்குப் போனார். அங்கிருந்த பழைய ஏடுகளை ஆகமப்படி நெருப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நகல் வேறு ஊரில் இருந்த ஏடு பிழைத்தது. இல்லாத ஏடு போனது போனதுதான்.

மூன்று, இரண்டு, ஒன்று

அமெரிக்க போட்டோக்காரர் பீட்டர் குரோக் சுலபமான கணக்கு ஒன்றைப் பரப்பினார். மூன்று நகல், இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில்.

நம் ஊருக்கு இதை எப்படிச் செய்வது? செல்போனில் இருப்பது ஒன்று. பேட்டை வீட்டுப் பெட்டகத்தில் இருப்பது இரண்டு. மூன்றாவது, ஒரு யு.எஸ்.பி. டிஸ்க். மாதம் ஒருமுறை பெட்டகத்தில் இருப்பதை அதில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி, பாளையங்கோட்டையில் இருக்கும் அக்கா வீட்டிலோ மச்சான் வீட்டிலோ மேல்மாடி பீரோவில் வைத்துவிடுங்கள்.

சுலோச்சன முதலியார் சொந்தக் காசைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. இந்தக் கரையையும் அந்தக் கரையையும் அது சேர்த்து வைக்கிறது. உங்கள் மூன்றாவது நகல் அந்தப் பாலத்தைத் தாண்டட்டும். வயர் கழற்றிய டிஸ்க்குக்குள் எந்த இண்டர்நெட் திருடனும் நுழைய முடியாது. பேட்டையில் நடக்கும் தீ, திருட்டு எதுவும் அதைத் தொடாது.

அந்த டிஸ்க்குக்கு ரகசியப் பூட்டு போடுங்கள். தொலைந்தாலும் அடுத்தவன் பார்க்க முடியாது. ஆனால் சாவிச் சொல்லை மறந்தால் உங்களுக்கும் இல்லை! அதைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வீட்டுக்காரரோடு வீட்டு அம்மாவுக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டகத்தையும் தரையில் வைக்காதீர்கள். ஆள் உயர ஷெல்பில் ஏற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கரை டிஸ்க்கை வாங்கி வந்து, பத்து போட்டோவையும் ஒரு மாதக் கணக்கையும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல். திறக்காவிட்டால், அன்றைக்கே புதுசாக இன்னொன்று எடுத்து வையுங்கள்.