ஐந்தரைக்கே இருட்டும் மலை

ஆண்டிறுதி விடுமுறைக்குத் தென் கொரியா போகும் நம் குடும்பங்களின் பட்டியலில் ஜேஜூ தீவும் சேர்ந்துவிட்டது. அதுவரை போய்விட்டு ஹல்லாசான் மலையில் ஏறாமல் வருவதா என்று வீட்டில் இளையவர்கள் கேட்பார்கள். 1,947 மீட்டர் உயரம். தென் கொரியாவிலேயே உயர்ந்த சிகரம். கயிறு பிடித்து ஏறும் வேலை இல்லை. பெரும்பாலும் மரப்படிகளும் கல் பாதையும்தான். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம். 4,095 மீட்டர் கினபாலுவை முடித்தவர்களுக்கு, இது அதில் பாதிகூட இல்லையே என்று தோன்றும்.

உயரத்தில் பாதி இல்லைதான். ஆனால், நவம்பர் பிற்பகுதிக்குப் பிறகு அங்கே கணக்கில் வைக்க வேண்டியவை பகல் பொழுதும் காற்றும்.

நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. மூன்று மணிக்கு மலையில் நின்றாலும் 'இன்னும் நேரம் கிடக்கிறது' என்றே மனம் சொல்லும். ஜேஜூவில் டிசம்பர் மாதம் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டு இறங்கிவிடும்.

உச்சிக்குப் போகும் பாதைகள் இரண்டுதான். சோங்பனாக் பாதை ஒரு வழிக்கு 9.6 கிலோமீட்டர், குவானுமசா பாதை 8.7 கிலோமீட்டர், ஆனால் செங்குத்து அதிகம். மலையேறிகள் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். சோங்பனாக் பாதை 750 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. ஏற வேண்டியது ஏறக்குறைய 1,200 மீட்டர். ஆக, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. பூங்கா நிர்வாகம் நாலரை மணி நேரம் என்கிறது. பனி, பிள்ளைகள், படம் பிடிப்பது எல்லாம் சேர்த்து, போய் வர ஒன்பது மணி நேரம் என்றே திட்டமிடுங்கள்.

ஹோட்டலில் காசு கொடுத்த பசியாறலை விட்டுக் கிளம்ப யாருக்கும் மனம் வராது. சாவகாசமாகச் சாப்பிட்டு ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினால் ஒன்றரைக்குத்தான் உச்சி. அவ்வளவு தூரம் விடவும் மாட்டார்கள். சோங்பனாக் பாதையின் 7.3-ஆவது கிலோமீட்டரில் ஜிந்தல்லேபாட் தங்குமிடம் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் அதைக் கடக்காதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். போகும் வாரத்தில் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். உச்சிக்குப் போக இணையத்தில் முன்பதிவும் வேண்டும். கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது குளிர். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை 0.6 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். நகரில் 12 பாகை என்றால் உச்சியில் ஏறக்குறைய பூச்சியம். அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் ஏழு. கைப்பேசியில் ஜேஜூ நகரின் வானிலையை மட்டும் பார்த்துக் கிளம்பக் கூடாது என்பது இதனால்தான்.

நம்மவர்கள் தடிமனான ஒரே ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்க்கும். உள்ளே இருக்கும் பருத்திச் சட்டை ஈரமாகும். உச்சியில் படம் எடுக்க நிற்கும்போது அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஓட்டப் போட்டியில் கொடுத்த பாலியெஸ்டர் சட்டை வீட்டில் இருக்குமே, அதுதான் முதல் அடுக்குக்குச் சரி. அதற்கு மேல் கம்பளியோ ஃபிளீஸோ, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய மேலங்கி. தடிமனான ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும். நிற்கும்போது எடுத்துப் போடலாம். குல்லாய், கையுறை அவசியம். பனி விழுந்திருந்தால் காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள் வேண்டும். கொரியர்கள் 'அய்ஜென்' என்பார்கள். ஏறும்போது இல்லாமல் சமாளிக்கலாம். உறைந்த படியில் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் அது ஆபத்து நிலை. அதற்குப் பூச்சியக் குளிர் தேவையில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஐந்தாறு பாகையிலேயே நடக்கும். முதலில் நடுக்கம். பிறகு ஜிப்பைப் போடத் தெரியாமல் விரல் தடுமாறும், பேச்சு குழறும், கால் இடறும். எதற்கெடுத்தாலும் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று எரிந்து விழுவார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முற்றிவிட்டது என்று பொருள். காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, ஈர உடையை மாற்றி, சுயநினைவோடு இருந்தால் இனிப்பான சூடு பானம் கொடுங்கள். மதுவைத் தொடவே கூடாது. தோலின் இரத்தக் குழாய்களை விரித்து இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். அவசர உதவிக்கு 119. பிள்ளைகளின் சிறிய உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். அவர்களைக் கேட்பதைவிட அவர்களுடைய கையைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

மலையில் கடை கிடையாது. தண்ணீர், ஆளுக்கொரு ரொட்டி, சாக்லேட், வெந்நீர்க் குடுவையில் மைலோ, தலைவிளக்கு. குளிரில் கைப்பேசியின் மின்கலம் சட்டென்று இறங்கும். அதை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

தாத்தா பாட்டியோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால் உச்சியை விட்டுவிட்டு யோங்சில் பாதைக்குப் போகலாம். 1,280 மீட்டரில் தொடங்கி, 1,700 மீட்டரில் உள்ள விட்சே ஓரூம் தங்குமிடம் வரை 3.7 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். என்னைக் கேட்டால் காட்சியில் இதுவே ஒரு படி மேல். பனி கொட்டினால் மட்டும் வாகனங்களைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டரை கிலோமீட்டர் போல கூடுதலாக நடக்க வேண்டிவரும்.

திரும்பும் நேரத்தை முதல்நாள் இரவே பேசி முடித்துவிடுங்கள். மலையில் நின்று முடிவெடுத்தால், செலவழித்த விமானச் சீட்டுதான் பேசும். குழுவில் மெதுவாக நடப்பவருக்கு 'போதும்' என்று சொல்லும் உரிமை இருக்கட்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் இறங்குவோம் என்று ஊரில் ஒருவருக்குப் புலனத்தில் எழுதிவிடுங்கள். இறங்கியதும் அவருக்குப் பதில் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் சூடான நூடல்ஸோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது மீட்புக் குழு உங்களைத் தேடி ஏறிக்கொண்டிருக்கும்.