வீட்டை விற்றுப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் வீட்டை விற்கும் வழக்கம் அதிகம் இல்லை போலும். இருந்திருந்தால், "வீட்டை விற்றுப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் அவசியம் சேர்த்திருப்பார்கள். கட்டுவதற்குப் பணம் இருந்தால் போதும். கலியாணத்துக்குப் பணமும் பொறுமையும் வேண்டும். விற்பதற்கோ பணமும் பொறுமையும் போதா. ஞாபக சக்தியும் வேண்டும். நம்முடைய ஞாபகம் மட்டுமல்ல. பாட்டனார், தகப்பனார் காலத்து ஞாபகமும் சேர்த்து வேண்டும்.

நான் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயன். பாகலூரில் எங்களுக்கு ஒரு நாட்டு ஓட்டு வீடு இருந்தது. ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர். தகப்பனார் காலமாகிச் சில வருஷங்களாயின. தாயாருக்கு முழங்கால் வலி. வைத்தியத்துக்கு ஓசூர் போய்வர முடியவில்லை. மழை வந்தால் ஈசானிய மூலையில் ஒரு தவலை வைக்க வேண்டும். ஆகவே, வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் ஒரு சிறு வீடு பார்ப்பதென்று தீர்மானித்தோம். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தேன். ஒன்றே கால் வருஷம் ஆயிற்று. அந்தக் காலத்தில் நான் கற்ற பாடங்களை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தப் பாகலூர்?

முதல் சங்கடம் ஊர்ப் பெயரிலேயே வந்தது. பெங்களூருக்கு வடக்கே, தேவனஹள்ளிப் பக்கம், இன்னொரு பாகலூர் இருக்கிறது. 2008இல் திறக்கப்பட்ட பெங்களூர் விமான நிலையம் அதற்கு அருகில்தான். "பாகலூரில் வீடு விற்பனைக்கு" என்று விளம்பரம் செய்த மறுநாள் முதல், அந்தப் பாகலூரை நினைத்துக்கொண்டு விசாரித்தவர்களே அதிகம். நம் பாகலூர் என்று தெரிந்ததும் அவர்கள் விலையைப் பாதியாக்கினார்கள். சிலர் பேச்சையே நிறுத்தினார்கள்.

இது வேடிக்கைதான். ஆனால், இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. சொத்தின் அடையாளத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும். எங்கள் பாட்டனார் வாங்கிய பத்திரம் தெலுங்கில் இருந்தது. அதில் சேலம் ஜில்லா என்று கண்டிருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. தகப்பனார் பின்கட்டுக்கு இடம் வாங்கிய பத்திரத்தில் அந்தப் பெயர். 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. மாவட்டம் மட்டும் இரண்டு முறை குடிபெயர்ந்துவிட்டது! ஆகையால் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், நான்கு எல்லை, அளவு ஆகியவை மூலப் பத்திரத்திலும் பட்டாவிலும் புலப்படத்திலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று விற்பனைப் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பழைய பத்திரம் வேறு மொழியில் இருந்தால், தெரிந்தவரைக் கொண்டு மொழிபெயர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அடைத்த கடன், அடையாத வில்லங்கம்

முதலில் வந்தவர் பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், முற்றம் பிடித்திருந்தது, விலையும் பேசி முடித்தோம். பத்து நாள் கழித்து, "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். அப்புறம் அவருடைய யோசனை முடியவே இல்லை.

காரணத்தை வேறொருவர் மூலம் அறிந்தேன். வில்லங்கச் சான்றில் ஓர் அடமானம் கண்டிருந்தது. 1998இல் ஓடு மாற்றுவதற்காகத் தகப்பனார் வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். பைசா பாக்கி இல்லாமல் அடைத்தும்விட்டார். பத்திரங்களைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆனால், கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யவில்லை. அவரைப் பொறுத்தமட்டில் கடன் அன்றே தீர்ந்தது. பதிவுப் புத்தகத்தைப் பொறுத்தமட்டில் அவர் காலமான பிறகும் கடனாளியாகவே இருந்தார். கடன் கொடுத்த கிளையோ வேறொரு கிளையோடு இணைந்துவிட்டது. பழைய கணக்கைத் தேடியெடுத்து ரசீதை எழுதிப் பதிவு செய்வதற்கு நான்கு மாதங்கள் ஆயின. கடன் என்றால் பயந்து நடுங்கிய மனிதருடைய பெயரில் அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு உண்டான வருத்தத்தை எழுத முடியாது.

வில்லங்கச் சான்றை இப்போது பதிவுத் துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். வாங்குகிறவர் பார்ப்பதற்கு முன் விற்கிறவர் பார்க்க வேண்டும். நம் சொத்தில் உள்ள குறையை நாமே கண்டுபிடித்தால் அது ஒரு வேலை. பிறர் கண்டுபிடித்தால் அது ஒரு சந்தேகம். வேலை முடிந்துவிடும், சந்தேகம் எளிதில் தீராது.

மனைப்பிரிவில் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு வார்த்தை. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் ஏற்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறை செய்துகொள்ள 2017இல் அரசாங்கம் விதிகள் வகுத்தது. அதைச் செய்திருந்தால் அந்த உத்தரவையும் கட்டணச் சீட்டையும் மூலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

தங்கையின் கையெழுத்து

பட்டா தகப்பனார் பெயரில் இருந்தது. பாட்டனார் வீட்டை அவருக்குச் செட்டில்மெண்டு எழுதி வைத்திருந்தார். பின்கட்டு அவரே வாங்கியது. அவர் உயில் எழுதவில்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இத்தகைய சொத்து மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பாகமாய்ச் சேரும். எங்கள் வீட்டில் தாயார், நான், தங்கை மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. கலியாணம் ஆகிப் போன பெண்ணுக்குப் பாத்தியதை இல்லை என்று ஊரில் இன்னும் சொல்லுகிறவர்கள் உண்டு. அது தவறு. பூர்விகச் சொத்தில்கூட மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை உண்டென்று 2005ஆம் வருஷத்துத் திருத்தம் சொல்கிறது. அத்திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

"தங்கையிடம் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிவிடுங்கள், வேலை சுலபம்" என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாலூருக்குப் போய்த் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கையெழுத்துப் போட வருகிறேன், அண்ணா. பங்கைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால், என்னைக் கேட்காமலே விலை பேசிவிட்டீர்களே!" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். முதலில் வந்தவருக்கு விலை சொன்னபோது நான் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைய தினம் மூன்று பங்கையும் காகிதத்தில் எழுதினோம். அவள் பங்கை அவளுடைய பாங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்துவதென்று முடிவாயிற்று. பின்னர் வாரிசுச் சான்று பெற்று, பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றினோம். நேயர்களே, குடும்பத்துக்குள் பேச்சு முடிந்த பிறகுதான் வெளியாரிடம் விலை பேச வேண்டும். பத்திரத்தில் விடுபட்ட கையெழுத்தைக் கோர்ட்டில் பெறலாம். மனத்தில் விடுபட்டதை எங்கே போய்ப் பெறுவது?

விலையும் வதந்தியும்

2024 ஜூன் மாதம் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப் போவதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். அதற்கான இடங்களைப் பற்றிய பேச்சில் பேரிகை, பாகலூர்ப் பக்கமும் அடிபட்டது. அவ்வளவுதான்! டீக் கடையில் தினந்தோறும் விமானங்கள் இறங்கத் தொடங்கின. "இப்போது விற்காதீர்கள், ஸார். விமானம் வரட்டும்" என்றார்கள் சிலர். "உடனே விற்றுவிடுங்கள், நிலத்தை எடுத்துக்கொள்வார்கள்" என்றார்கள் வேறு சிலர். இரு சாராரும் ஒரே பெஞ்சியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தாயாரின் முழங்காலோ விமானத்துக்காகக் காத்திராது. ஆகையால், எங்கள் தெருவில் சமீபத்தில் உண்மையாகவே பதிவான கிரயங்களை விசாரித்தேன். அரசாங்க வழிகாட்டி மதிப்பைப் பார்த்தேன். இரண்டையும் வைத்து விலை சொன்னேன். எதற்காக விற்கிறோம் என்பது நமக்குத் தெளிவாக இருந்தால் வதந்தி நம்மை அசைக்காது.

விலையைக் குறைத்துக் காட்டிப் பாக்கியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். கிரயத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குகிறவர் நூற்றுக்கு ஒன்று பிடித்துக்கொண்டு வரியாகக் கட்ட வேண்டும். அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் வரி. அதற்கு முன்பே வாங்கிய வீடானால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு நூற்றுக்கு இருபது வீதம் கணக்கிடும் வழியும் நம் நாட்டில் வசிப்பவர்களுக்கு உண்டு. எது குறைவோ அது நமக்கு நன்மை. லாபத்தைக் கொண்டு இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலும், மூன்று வருஷத்துக்குள் கட்டினாலும் சலுகை கிடைக்கும். பாகஸ்தர் பலரானால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. ஒரு நல்ல கணக்கரை விற்பதற்கு முன்பே பார்ப்பது மேல். பின்னால் பார்த்தால் அவர் அனுதாபம்தான் சொல்ல முடியும்.

ஒழுகும் மூலை

இரண்டாவதாக வந்தவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். வெயில் காலம், ஒழுகல் தெரியாது. தரகர் கண்ணைக் காட்டினார். நான் அவர்களை ஈசானிய மூலைக்கு அழைத்துக்கொண்டு போய், தவலை வைக்கும் இடத்தைக் காட்டினேன். தரகர் முகம் கறுத்தது. அந்த அம்மாளோ, "இதைச் சொல்கிறவர் வேறு எதையும் மறைக்கமாட்டார்" என்று தம் கணவரிடம் கன்னடத்தில் சொன்னார். எங்கள் ஊர்க்காரனுக்குக் கன்னடம் தெரியும் என்பதை அவர் அறியவில்லை!

சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறையை விற்கிறவர் சொல்லியே தீர வேண்டும் என்பது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்திலும் உள்ள விதி. கிரயத் தேதி வரைக்குமுள்ள வரி பாக்கியும் விற்கிறவர் பொறுப்பே. வீட்டு வரி, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைக் கட்டி ரசீதுகளை ஒரு கட்டாகக் கொடுங்கள். கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். முன்பணம் எவ்வளவு, பாக்கி எந்தத் தேதிக்குள், வீட்டை என்று காலி செய்வது, தரகு யார் எவ்வளவு கொடுப்பது என்பவற்றை எழுத்தில் வையுங்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.

பரணிலிருந்து இறங்கியவை

காலி செய்வதற்குப் பரீட்சை முடிந்த கோடை விடுமுறையே தக்க காலம். நடு வருஷத்தில் பள்ளி மாறும் குழந்தை இரண்டு இடத்திலும் பாடத்தை இழக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்று தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லை தாண்டிக் குடிபோகிறவர்கள் அநேகர். அவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2015ஆம் வருஷத்துச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் ஒரு பாடமாக உண்டு. விடுமுறையிலேயே குழந்தைக்கு எழுத்துக்களைக் கற்பித்துவிடுங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், எரிவாயு ஆகிய மாற்றங்களையும் ஒரு தாளில் எழுதி, முடிந்தவற்றை அடித்துக்கொண்டு வாருங்கள்.

சாமான்களை மூன்றாகப் பிரிப்பது என் மனைவியின் திட்டம்: கொண்டுபோவது, கொடுப்பது, கழிப்பது. பரணிலிருந்து கேழ்வரகுக் குதிரும், உடைந்த தொட்டிலும், தகப்பனாரின் நோட்டுப் புத்தகங்களும் இறங்கின. ஆட்டுக்கல்லைப் புது வீட்டுக்கு ஏற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தோம். தாயார் அதை ஒரு முறை கையால் தடவிவிட்டு, "மாவு வேண்டுமானால் இங்கே வந்து கேட்பேன்" என்றார்.

எங்கள் வட்டத்திலேயே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. நம் போன்றவர்களின் வீட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வாங்குகிறவர் இடிப்பார், மாற்றுவார். அது அவர் உரிமை. நாம் காக்க வேண்டியது வீட்டோடு வந்த நல்ல பெயரைத்தான்.

கடைசி இரவு தங்கை குழந்தைகளோடு வந்து அந்தக் கூடத்தில் படுத்தாள். எல்லோரும் பாய் விரித்து வரிசையாய்ப் படுத்தோம். மறுநாள் காலையில் தாயார் வாசலில் கோலம் போட்டார். சாவியை வாங்க வந்த அந்த அம்மாள் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி உள்ளே நுழைந்தார்.

முதல் மழை பெய்த அன்று அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "நீங்கள் சொன்ன மூலையிலே சரியாய் ஒழுகுகிறது, ஸார்" என்றார், சிரித்துக்கொண்டே சொன்னார். தவலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று என்றாள் என் மனைவி.